சிம்மில் வைத்த கிட்டார்

என் கிட்டாரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த ஒரு குமிழைப் பற்றித்தான். மற்ற மூன்றும் வெள்ளி நிறத்தில், விரல்நுனியில் அடங்குகிற அளவில், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. நான்காவது இடத்தில் மட்டும் கேஸ் அடுப்பின் குமிழ் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கறுப்பாக, கொழுகொழுவென்று, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு. அதன் இடுக்கில் எத்தனை துடைத்தும் போகாத பிசுக்கு. எந்த வருஷத்து ரசத்துக்குத் தாளித்ததோ, அந்த எண்ணெய் இன்னும் அங்கே இருக்கிறது. "அண்ணா, பத்த வெச்சுட்டுத்தான் வாசிப்பீங்களா?" என்று கேலி பண்ணுகிற பையன்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. குமிழை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்துக் காட்டுவேன். 'டக்'கென்று சின்னச் சத்தத்தோடு அது கொஞ்சம் எழும்பி நிற்கும். கிட்டாரின் குரல் மாறும். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற தடித்த ஆள் ஒருவர் சுவரோரமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி.

இன்று காலையிலிருந்து என் கை அந்தக் குமிழின் மேல்தான் இருக்கிறது. காரிமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. இன்று சந்தை நாள். கிருஷ்ணகிரி பஸ்ஸும் தருமபுரி பஸ்ஸும் ஒன்றையொன்று ஹாரனால் திட்டிக்கொள்கின்றன. தக்காளிக் கூடையும் கட்டிய கோழியும் மனிதர்களோடு சேர்ந்து இறங்குகின்றன. மேசையில் வயிற்றைத் திறந்துபோட்ட போன்கள் காத்துக்கிடக்கின்றன, எதிலும் கை வைக்க முடியவில்லை. என்னுடைய போன் மட்டும் முழுசாக, வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. பெங்களூரிலிருந்து அது பேச வேண்டும். அக்காவின் தொண்டையில், முன்பு கத்தி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, மறுபடியும் ஒரு முடிச்சு தட்டுப்பட்டிருக்கிறது. ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்று வரும். மறுபடி அறுக்க வேண்டிவந்தால் இந்த முறை குரல் மிஞ்சாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். "போன தடவ பாதிய எடுத்துக்கிட்டாங்க. மிச்சத்தையும் குடுன்னு வாசல்ல வந்து நிக்கறாங்க தம்பி" என்று போனில் சிரித்தார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் வைத்திருக்கும் கிட்டாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் வாசிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. பாப்பாரப்பட்டியில் சவுண்டு சர்வீஸும் அதோடு ஒட்டிய ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திவந்தவர். குழுவில் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். அவர் வீட்டுக்காரர் எங்களுக்கு மாமா. ஸ்பீக்கர், மிக்ஸர், ஜெனரேட்டர், வேன் எல்லாம் மாமாவின் ராஜ்ஜியம். கீபோர்டு வாசித்தவர் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கிட்டார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தேர்த் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் நாங்கள் நிற்காத பந்தல் குறைவு. இத்தனைக்கும் நடுவில் நின்று பாடுகிறவர் அக்கா. அந்தக் காலத்து அவர் குரலை எப்படிச் சொல்ல? பந்தலின் கடைசி வரிசையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவன் கையைக் கீழே இறக்கிவிடுவான். குழம்பு வாளியோடு ஓடுகிறவர்கள் ஒரு நொடி நடையாவார்கள். மைக்கே வேண்டாம் என்று மாமா பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு மைக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைப்பார்.

பிறகு அந்தக் கட்டி. கழுத்தில் வளர்ந்து, குரலுக்குப் போகிற நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்து முதல் வாரம் எழுதிக்காட்டிப் பேசினார், அப்புறம் கிசுகிசுத்தார், அப்புறம் ஒருநாள் மாமாவைத் திட்டினார். அன்று எங்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் திரும்பி வந்தது பழைய குரல் அல்ல. முறத்தில் கேழ்வரகைச் சரித்தால் ஒரு சரசரப்பு வருமே, அது. மெல்லியது, உலர்ந்தது, உச்சியில் ஏறப் போனால் பாதிப் படியில் மூச்சு வாங்குவது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டு ஒரே யோசனையைச் சொல்லிப் போனார்கள். அக்காவின் அண்ணன் மனைவி வாய்விட்டே கேட்டாராம்: "தொண்டைய அறுத்த பொறவு இன்னும் பாட்டு எதுக்கு? வூட்ல ஒக்காந்து எங்க பேரனக் கொஞ்சறதுக்கு என்ன?" அக்கா அதற்குப் பதிலாகக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், தாங்கினோம். பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் தன்பாட்டில் செய்தார்கள். குரல் மெலிந்திருக்கிறது, ஜனங்களுக்குத் தெரியக் கூடாது, மூடிவிடு. வாத்தியார் கீபோர்டில் பத்து வயலின்களைச் சேர்த்துக் குழைத்துப் பின்னால் பூசினார். மாமா எக்கோவைக் கூட்டினார், ஒரு சொல்லுக்கு மூன்று சொல் கேட்டது. நான் கிட்டாரை எவ்வளவு கனமாக ஒலிக்க வைக்க முடியுமோ அவ்வளவு கனமாக வைத்தேன். அவர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் என் தந்திகள் ஓடிப்போய் நின்றன. வயதான தாயாரைப் பிள்ளைகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கைத்தாங்கலாகப் பிடித்தால் அந்தம்மா எங்கே கால் வைப்பது? அது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாட்டு முழுசாக ஒலித்தது, நிறைவாகக்கூட ஒலித்தது. கைதட்டு வந்தது. அக்காவை மீட்டுக்கொண்டுவந்துவிட்டோம் என்று நாங்கள் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெருமை உடைந்தது. பந்தி முடிந்து, வெயிலில் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அக்கா முன் சீட்டில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, இலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பாட்டுல, ரெண்டாவது சரணத்துல நான் என்ன பாடுனேன்னு யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்."

வாத்தியார் கீபோர்டு உறையின் ஜிப்பை இழுத்தபடியே, "வழக்கமா பாடறதுதானுங்கக்கா" என்றார்.

"நல்லாத்தானே இருந்துச்சு புள்ள. எக்கோவ இன்னிக்கி தூக்கலா வெச்சிருந்தேன், பாத்தியா?" என்றார் மாமா.

"'சாம்பாருல உப்பில்லையே'ன்னு பாடுனேன்" என்றார் அக்கா. "ரெண்டு தடவ. ராகத்தோட."

மாமா முதலில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். அக்கா விசிறியை மடித்து மடியில் வைத்தார்.

"ஊருக்குக் கேக்கலன்னா வுடு, அவங்க பாயசத்தப் பாத்துட்டிருந்தாங்க. கைக்கெட்ற தூரத்துல நிக்கறீங்க, உங்களுக்குமா கேக்கல?" வாத்தியார் மறுபடி ஜிப்பை இழுத்தார். பிறகு அக்காவே தொடர்ந்தார். "தாங்கறீங்கன்னு தெரியுதுப்பா. தாங்கறேன் தாங்கறேன்னு மேல ஏறிப் படுத்துட்டீங்க எல்லாரும். அதுலயும் தம்பி, உன் கிட்டாரு இருக்குதே, ஷேர் ஆட்டோவுல நாலு மூட்டையோட ஏறுன ஆளாட்டம். எனக்கு ஒக்கார எடம் எங்க இருக்குது?"

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். வத்தல்மலை அடிவாரத்தில் குலசாமி கோயிலில் அவர் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. நம் குழுதான் வாசிக்கப்போகிறது, ஒப்புக்கொண்டாயிற்று. பாடாதே என்று சொன்ன அத்தனை சொந்தமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். "அங்கயும் என் கொரலு கேக்கலைன்னு வெய்யி, மைக்க உங்க மாமன் கையில குடுத்துட்டு பந்தியில எலை போடப் போயிருவேன். அதுக்கப்புறம் என்னைய யாரும் மேடைக்குக் கூப்பிடக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வேன் பாப்பாரப்பட்டி போய்ச் சேரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவில்லை. ஷேர் ஆட்டோ மூட்டை என் தலைக்குள் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

என் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே இரண்டு பிக்கப்புகள். கழுத்துப் பக்கம் ஒன்று, அடியில் தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் ஒன்று. தந்தி அசைவதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அவற்றின் வேலை. இரண்டுமே ஹம்பக்கர் வகை. அதாவது ஒவ்வொன்றுக்குள்ளும் செப்புக் கம்பிச் சுருள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். கரண்டு கம்பியிலிருந்தும் ட்யூப்லைட்டிலிருந்தும் காற்றில் பரவுகிற உறுமலை இரண்டும் எதிரெதிராக வாங்கிக்கொள்வதால் அது தன்னைத்தானே தின்றுவிடும், தந்தியின் ஓசை மட்டும் மிஞ்சும். நாளெல்லாம் சண்டை பிடிக்கிற புருஷனும் பெண்டாட்டியும், வெளியாள் ஒருத்தன் வாசலில் வந்து குரைத்தால் மட்டும் சேர்ந்து நின்று விரட்டுவார்களே, அப்படி. அக்காவும் மாமாவும் அப்படித்தான். இந்த இரண்டு சுருளையும் எப்படி இணைப்பது என்பதில்தான் கிட்டாரின் குணமே இருக்கிறது. சீரியல் லைட் மாதிரி ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டினால் குரல் தடிக்கும், கனக்கும். எல்லாக் கிட்டாரும் அப்படித்தான் வருகிறது, என்னுடையதும் அப்படித்தான். ஒரு சுருளைத் தூங்கவைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் எழுப்பலாம், அப்போது ஓசை கண்ணாடி மாதிரித் தெளியும். இரண்டையும் தனித்தனியே கொண்டுவந்து வாசலில் மட்டும் கைகோக்க வைக்கலாம். இத்தனை வருஷம் வாசித்தும் நான் எதையும் மாற்றியதில்லை. கனமாக இருந்தது, கனம் நல்லது என்று இருந்துவிட்டேன்.

கடையில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. நாளெல்லாம் கடுகளவு பாகங்களுக்கு ஈயம் வைக்கிறவனுக்குக் கிட்டார் கம்பிகள் வடக்கயிறு மாதிரி. முதலில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் ஒரு சுருளைத் தூங்கவைத்தேன். கடையில் வாசித்துப் பார்த்தேன். மழை பெய்து விட்ட காலை மாதிரி இருந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஒத்திகை நடப்பது மாமாவின் குடோனில், அதற்குப் பின்சுவர் மாரியம்மன் கோயில். அக்கா பாடத் தொடங்கினார், கேட்டது, கேட்கத்தான் செய்தது. அப்போது உச்சிகால பூஜை. கோயிலில் மோட்டார் வைத்த மேளம் ஒன்று உண்டு. பட்டனைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும். அர்ச்சகர் தட்டினார். மேளத்துக்கு முன்னால் என் கிட்டார் உறுமிற்று. 'க்ர்ர்ர்' என்று குடோன் தகரம் அதிர்ந்தது. வெளியாளை விரட்ட ஒற்றைச் சுருளால் ஆகவில்லை.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தாளே எறங்கி வந்து வாசிக்கறா. யாராச்சும் கற்பூரம் ஏத்துங்கப்பா."

"காதுகுத்து நடக்கறதே கோயில்லதான்" என்றார் வாத்தியார், கவலையாக. "அங்கயும் இதே மேளம் வெச்சிருக்காங்க. ஜெனரேட்டர் வேற."

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். இன்னொரு நாள் என்பதற்கு நாள்கள் அதிகம் இல்லை.

அடுத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பாலத்துப் பக்கத்துப் பிக்கப்பிலிருந்து இரண்டே கம்பிகள்தான் வெளியே வந்தன. அதை வைத்துக்கொண்டு சுருள்களைப் பிரிக்கவோ சேர்க்கவோ முடியாது. பெங்களூரில் இருக்கிற நண்பரிடம் சொல்லி, நான்கு கம்பி வருகிற வேறு கம்பெனிப் பிக்கப் ஒன்றை வரவழைத்தேன். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பிலும் அதே நான்கு நிறங்கள். செல்போன் கடைக்காரனுக்கு நிறத்தின் மேல் ஒரு குருட்டு நம்பிக்கை, சிவப்பு என்றால் எங்கேயும் சிவப்புதான் என்று. ஒன்றில் எப்படி வைத்தேனோ அப்படியே மற்றதிலும் ஈயம் வைத்தேன். ஒரு கம்பெனியில் சுருளின் தலைக்கு வருகிற நிறம் இன்னொரு கம்பெனியில் வாலுக்கு வரும் என்பது தெரியாமல். ஒவ்வொரு பிக்கப்பாக வாசித்தபோது குறையில்லை. ஒத்திகையில் இரண்டையும் சேர்த்து வாசித்தேன். ஒன்று முன்னால் தள்ள இன்னொன்று பின்னால் இழுத்தது. கிட்டாரின் வயிறு காணாமல் போயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, ஞைஞையென்று ஒரு ஓசை.

அக்கா மைக்கைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தம்பி, ஆட்டுக்குச் சளி புடிச்சிருக்குது. மருந்து ஊத்துங்க அதுக்கு."

"நிறுத்திட்டு மாத்தறேனுங்கக்கா."

"இருக்கட்டும் இருக்கட்டும். ஆட்டோட பாடி எத்தினி நாளாச்சு" என்று கேலியாகவே பல்லவியை எடுத்தார். நானும் கேலியாகவே கூட வாசித்தேன். வாத்தியார் சிரிப்பில் வாசிக்க மறந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் யார் முதலில் சிரிப்பை நிறுத்தியது என்று தெரியவில்லை. மாமாவின் விரல் எக்கோ பட்டனின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கேழ்வரகு சரிகிறது. ஒவ்வொரு மணியாகக் கேட்கிறது. மூச்சு வாங்குகிற இடம் கேட்கிறது, வாங்கிய மூச்சோடு அவர் அடுத்த படியில் கால் வைப்பது கேட்கிறது. உடைந்த இடத்தை அக்கா மறைக்கவே இல்லை, அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார். இத்தனை மாதமும் அவர் இப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாரா? அவர் குரல் இருக்கிற உயரமும் என் கிட்டாரின் கனம் இருக்கிற உயரமும் ஒன்று என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சளி பிடித்த ஆடு வயிற்றைத் தொலைத்துவிட்டது. தொலைந்த இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் மாமா எக்கோ பட்டனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "அப்ப வால்யூமக் கொறைச்சிருந்தாலே போதுமே, எதுக்கு இத்தினி வேலை?" என்றார்.

"எருமையத் தள்ளி நிக்க வெச்சா எனக்கு எடம் கெடச்சிருமா?" என்றார் அக்கா. "தள்ளி நின்னும் வாலச் சொழட்டும். உங்களாட்டம்."

ஆனால் ஆட்டோடு காதுகுத்துக்குப் போக முடியாது. பாட்டுக்கு நடுவில் அக்கா மூச்சு வாங்க, தனியாகக் கிட்டார் மட்டும் ஒலிக்கிற இடங்கள் உண்டு. அங்கே வயிறு வேண்டும், கனம் வேண்டும். கிட்டார் மரத்தில் புதிதாகத் துளை போட எனக்கு மனசில்லை. இருக்கிற குமிழ்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, இழுத்தால் மேலே வருகிற குமிழ் ஒன்றைப் பொருத்தலாம். திருகினால் ஒலி கூடும் குறையும், இழுத்தால் இணைப்பு மாறும். அமுக்கினால் பழைய கனம், அது நிச்சயம். இழுத்தால் என்ன என்பதுதான் கேள்வி. ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒற்றைச் சுருளா? அம்மன் இறங்கி வருவாள். தலைவால் மாறிய இணைப்பா? ஆடு இருமும். கடை மேசையில் கிட்டாரைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொன்றாகக் கட்டி, வாசித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினேன். போன் கொடுத்தவர்கள் வந்து வந்து திட்டிவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தது நான் அதுவரை மதிக்காதது. இரண்டு சுருளும் தனித்தனியே வந்து வாசலில் கைகோக்கிற இணைப்பு. அதில் பலம் குறையும் என்பதால்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் அப்படிக் கட்டி வாசித்தேன். பலம் குறைந்தது. ஆனால் நடுவில் இருந்த அடர்த்தி விலகிக்கொண்டது, ஓரங்கள் தெளிந்தன. பக்கத்து ஜூஸ் கடை மிக்ஸி ஓடும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உறுமல் இல்லை. இரண்டு சுருளும் விழித்திருந்ததால் வெளியாள் உள்ளே வரவில்லை. பாதிப் பலத்தை விட்டுக்கொடுத்தால் போதும், யாரையும் தூங்கவைக்க வேண்டியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. அயர்னை அணைத்துவிட்டுச் சந்தைக்குள் போய்க் காரணமில்லாமல் கொய்யா வாங்கினேன்.

அடுத்த ஒத்திகையில் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "நீ இழுத்துட்டியா அமுக்கிட்டியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாட ஆரம்பிக்கறப்ப நீ மறந்துட்டு மூட்டையோட ஒக்காந்திருந்தா?" வெள்ளிக் குமிழ் அவர் நிற்கிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தன் வீட்டுக்குப் போனவர், அங்கே ஓரங்கட்டி வைத்திருந்த பழைய அடுப்பிலிருந்து குமிழைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "இத மாட்டு. இது தெரியும்." குமிழின் துளை பெரிதாக இருந்தது, கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கினேன். அன்றிலிருந்து எங்கள் குழுவில் அந்த இணைப்புக்குப் பெயர் சிம். அக்கா பாட வாயெடுக்கும்முன் இடது கையைப் பின்பக்கம் கொண்டுபோய், அடுப்பைத் தணிக்கிற மாதிரி இரண்டு விரலைத் திருகுவார். சிம்ல வை. நான் இழுப்பேன். அவர் பாடி முடித்துக் கை விரிப்பார். நான் அமுக்குவேன்.

காதுகுத்து அன்று அடிவாரத்தில் நல்ல வெயில். கோயிலுக்கு முன்னால் ஷாமியானா, ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் கீற்றுக் கொட்டகையில் கிடா வெந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் தடதடத்தது. முதல் வரிசையில் சொந்தங்கள், நடுநாயகமாக அக்காவின் அண்ணன் மனைவி, பட்டுப்புடவையில், ஒரு அனுதாபத்தை முகத்தில் தயாராக வைத்துக்கொண்டு. வாத்தியார் வயலின்களை எல்லாம் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இரண்டே விரல்களால் வாசித்தார். மாமா எக்கோவைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாமி பாட்டு முடிந்து அடுத்த பாட்டு. பின்னால் அந்த இரண்டு விரல்கள் திருகின. நான் இழுத்தேன்.

குரல் கேட்டது. ஆனால் அது எனக்குக் கேட்டதா, பந்தலுக்கும் கேட்டதா? முதல் வரிசை முகங்களில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் மனைவி பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொன்னார். குழந்தைகள் ஓடின. முதல் சரணம் போயிற்று. பந்தியில் இலை போடப் போகிறவர் மாதிரியே எனக்கு அக்காவின் முதுகு தெரிந்தது. இரண்டாவது சரணம் வந்தது. மூன்றாவது வரியில், மெட்டு கொஞ்சமும் பிசகாமல், கேழ்வரகு சரிகிற அந்தக் குரலில் அவர் பாடினார்: "கொழம்புல உப்பில்லையே..."

என் விரல் தந்தியில் தடுக்கிற்று. வாத்தியார் தலையைத் தூக்கினார். அந்த இடைவெளிக்குள், கீற்றுக் கொட்டகையிலிருந்து, கையில் கரண்டியோடு சமையல்காரர் வெளியே ஓடிவந்து கத்தினார்:

"போட்டாச்சுங்கம்மா! அப்பவே போட்டாச்சு!"

பந்தல் வெடித்தது. முதல் வரிசை, கடைசி வரிசை, மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு தாய்மாமன் மடியிலிருந்த பையன்கூட. அண்ணன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார், நிமிர்ந்தபோது அந்த அனுதாபம் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "ஏனுங்க அண்ணி, பாட்டக் கேக்கறாளா கறியக் கேக்கறாளா?" என்று யாரோ கேட்டார்கள். அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், சிரித்ததாலா என்று நான் கேட்கவில்லை. மாமா தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுருச்சு புள்ள, அடுப்பு வரைக்கும் கேட்டுருச்சு" என்றார். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் மடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றை நானும் அந்தப் பந்தலில் அவிழ்த்து விட்டேன். அக்கா பல்லவிக்குத் திரும்பினார். இரண்டு விரல் மறுபடி திருகிற்று. நான் அமுக்கவே இல்லையே அக்கா, இன்னும் சிம்மில்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பாடினார். பந்தியில் இலை போடப் போகவே இல்லை. மகள் பிரசவத்துக்குப் பெங்களூர் போனவர், போதும் என்று தோன்றியபோது தானாகவே நிறுத்திக்கொண்டார். யாரும் நிறுத்தவில்லை. மாமா இப்போது பேத்திக்கு மைக் பிடித்துப் பழக்குகிறாராம். கிட்டாரில் தந்தி மாறியது, வார் மாறியது, பாலத்துப் பக்கத்தில் தலையும் வாலும் எப்போதோ சரியாயிற்று. குமிழ் மட்டும் மாறவில்லை. புதிதாக வந்து பாடுகிற பெண்கள் எல்லோருக்கும் தொண்டை கணீரென்று இருக்கிறது, என் மூட்டைக்கு மேலேயும் எட்டிப்பார்த்துவிடுவார்கள். ஆனாலும் அவர்கள் வாயெடுக்கும்போது என் கை தானாக இழுத்துவிடுகிறது. ஒருவர் பேசத் தொடங்கும்போது நாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வது நல்லது. வீட்டிலும் இதைப் பழகப் பார்க்கிறேன். அங்கே குமிழ் இல்லை, கஷ்டம்தான்.

போன் அடித்தது.

பஸ் ஹாரனில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டாரையும் தூக்கிக்கொண்டு கடையின் உள்மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அங்கேயும் சத்தம். ஆஸ்பத்திரி வராந்தா, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கன்னடத்தில், திரும்பத் திரும்ப. அதற்கெல்லாம் அடியில் அந்தச் சரசரப்பு.

"தம்பி, ஒண்ணுமில்லையாம். வெறும் நீர்க்கட்டியாம். கத்தி வேண்டாம்னுட்டாங்க."

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், கிட்டார் மடியிலிருந்து சரிந்து மேசை விளிம்பில் முட்டிக்கொண்டது.

"என்னப்பா சத்தமே இல்ல? கேக்குதா?"

"கேக்குதுங்கக்கா."

"என்ன கேக்குது?" என்றார். பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அந்தப் பழைய மெட்டின் இரண்டாவது சரணத்தை மூன்றாவது வரியிலிருந்து எடுத்தார். மெதுவாகத்தான். "இட்லியில உப்பில்லையே..."

"போட்டாச்சுங்கக்கா" என்றேன். "அப்பவே போட்டாச்சு."

வாசலில் போன் வாங்க வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பக்கம் அக்கா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். நான் குனிந்து கிட்டாரைப் பார்த்தேன். எப்போது இழுத்தேன் என்று தெரியவில்லை. அடுப்புக் குமிழ் மேலே எழும்பி நின்றுகொண்டிருந்தது.